மாமனாரை மேலே தூக்கிய கட்டைவிரல்

ஒரு காலத்தில் நான் எதற்கெடுத்தாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற ஆசாமி. டீ நன்றாக இருந்தாலும் காட்டுவேன், இல்லாவிட்டாலும் காட்டுவேன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு உற்சாகம் ஊட்டுவது என் வேலை. (இதற்கும் சம்பளம் தருகிறார்கள், நம்புங்கள்.) முதல் வகுப்பிலேயே ரோமாபுரிக் கதையை எடுத்துவிடுவேன். வாள் சண்டையில் தோற்றவன் மண்ணில் கிடப்பான், ராஜா கட்டைவிரலை மேலே தூக்கினால் உயிர், கீழே கவிழ்த்தால் சாவு, நம்முடைய 'சூப்பர்' அங்கிருந்துதான் வந்தது என்று நேரில் பார்த்தவன் மாதிரி சொல்வேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அவர்களுக்கும் நான் கட்டைவிரலைக் காட்டுவேன்.

ஜெசிந்தாவின் அப்பா மட்டும் எனக்கு எந்த விரலையும் காட்டியதில்லை. முகத்தையே காட்டியதில்லை. நான் சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டுப் பையன், அவள் தூத்துக்குடிக் கடற்கரைப் பெண். இரண்டு வீட்டிலும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தான். ஆனால் கோயில் வேறு, சாதி வேறு. நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, "நான் செத்தாலும் அவளுக்கு என் மொகத்தக் காட்டப்படாது" என்று அவர் மகன் ராயனிடம் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர். சொன்னால் சொன்னதுதான்.

அவர் இறந்த செய்தி ராயனிடமிருந்து வரவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் ஜெசிந்தா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டா போதும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பஸ் வழியில் நின்றுபோய், வேறு பஸ் பிடித்து, தூத்துக்குடி வந்து ஆட்டோவில் பறந்து, நேரே கல்லறைத் தோட்டத்துக்கே போய் இறங்கினோம். பெட்டி குழிக்கருகே இருந்தது. மூடி திருகியாகிவிட்டது. என்னைவிடச் சின்னவனான ராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எப்பா ராயா, ஒரே ஒரு தடவை தொறந்து காட்டுப்பா" என்று ஜெசிந்தா அவன் கையைப் பிடித்தாள்.

"தொறக்கப்படாதுக்கா. அப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காவ."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். என்ன மனிதர்கள் ஐயா இவர்கள்! ஆனால் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. நாமும் மருமகன்தானே, நாலு பேர் பார்க்கட்டும் என்று குழியின் ஓரத்தில் போய் விறைப்பாக நின்றுகொண்டேன். அதுவும் என்ன உடுப்பில்? அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்த கம்பெனி டி-ஷர்ட். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். முதுகில் 'சிரித்துக்கொண்டே ஜெயிப்போம்' என்று வேறு எழுதியிருந்தது.

கயிறு பிடித்த நாலு பேரும் மாமனாரோடு துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள். தலைமாட்டில் தனியாக நின்றவர் மாமனாரின் கூட்டாளி சேசு அண்ணாச்சி. அவர் வாயைத் திறக்கவில்லை. கையை அசைத்தார், பெட்டி இறங்கியது. கையை மூடினார், நின்றது. சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டி பாதிக் குழிக்குள் போனபோது அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. திரும்பி நின்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் ஒரு மூலை குழிச் சுவரில் உரசியது. கயிற்றுக்காரர் ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எல்லாம் சரியா என்று கேட்கிறார் என்று நினைத்தேன். சரியாகத்தான் போகிறது, ஜமாயுங்கள் என்கிற தோரணையில் (பாவி மனுஷன்!) கட்டைவிரலை நன்றாக உயர்த்திக் காட்டினேன்.

பெட்டி மேலே வந்தது.

சரசரவென்று நாலு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். சாமியாரின் ஜெபம் பாதியில் நின்றது. ஒரு பெண் "மாதாவே!" என்று அலறினாள். புதைக்கப்போன என் மாமனார் என் முழங்கால் உயரத்துக்கு வந்து ஆடிக்கொண்டிருந்தார்.

"யாருலே தூக்கச் சொன்னது?" என்று ராயன் பாய்ந்து வந்தான்.

"மருமவந்தான் கை காட்டுனாவ" என்றார் கயிற்றுக்காரர்.

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. துறைமுகத்தில் கட்டைவிரல் மேலே போனால் 'சூப்பர்' இல்லை, 'தூக்கு' என்று அர்த்தம். கிரேன்காரர் எங்கோ உயரத்தில் இருப்பார், கத்தினால் காது கேட்காது. கீழே ஆரஞ்சுச் சட்டை போட்டு நிற்கிறவரின் கைதான் அவருக்குப் பேச்சு. என் மாமனார் ஆயுசு முழுக்கப் பார்த்த வேலையே அதுதான். அவருடைய ஆட்கள் முன்னால், ஆரஞ்சுச் சட்டையோடு நின்று, நான் அவரையே தூக்கச் சொல்லியிருக்கிறேன்.

ராயன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "எறக்குங்கலே!" என்று கத்தினான். செத்துத் தொலையலாம் போலிருந்தது, குழியும் தயாராக இருந்தது.

சேசு அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "பொறுலே ராயா. பாதியில திரும்பி வந்த சரக்க அப்படியே எறக்கப்படாது. கீழ வச்சி, கட்டு சரியா இருக்கா, மூடி சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் எறக்கணும். யாரு வச்ச சட்டம் இது?"

ராயன் பெட்டியைப் பார்த்தான்.

"சொல்லுலே, யாரு வச்ச சட்டம்?"

"அப்பா."

பெட்டியை மண்ணில் வைத்தார்கள். அண்ணாச்சி குனிந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். யாரும் தடுக்கவில்லை. மூடியைத் தூக்கிவிட்டு, "ஏளா ஜெசி, இங்கன வா. மூடி சரியா இருக்கான்னு நீயும் பாரு" என்றார்.

அவள் மூடியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கன்னத்தில் கையை வைத்து, "இவ்வளவு மெலிஞ்சிட்டீங்களேப்பா" என்றாள். அவ்வளவுதான். ராயன் என் சட்டையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

ஊருக்குத் திரும்பியதும் ரோமாபுரி விஷயத்தைத் தேடிப் படித்தேன். உயிர்ப்பிச்சைக்கு விரல் மேலே போனதா, கீழே போனதா, மடங்கி இருந்ததா என்று யாருக்குமே உறுதியாகத் தெரியாதாம். மேலே காட்டினால் சாவு என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். வேறு சில நாடுகளில் அதைக் காட்டினால் அடிக்க வருவார்களாம். யோசித்துப் பார்த்தால், சின்ன வயதில் நாங்களே கட்டைவிரலை ஆட்டி 'உனக்கு ஒண்ணும் கிடையாது, போலே' என்றுதானே பழிப்புக் காட்டினோம்! அந்தக் கதையை வகுப்பில் சொல்வதை அன்றோடு விட்டேன்.

என் பெயர் தூத்துக்குடியில் இன்றைக்கும் 'பெட்டியத் தூக்குன மருமவன்'தான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவர்த்தியோடு போகிறோம். வாசலிலேயே ராயன், "அத்தான், கையப் பாக்கெட்டுல போட்டுட்டு வாங்க. இங்க நெறையப் பேரு நிம்மதியாத் தூங்குதாவ" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் போட்டுக்கொள்வேன்.

போன வருஷமும் அதையேதான் சொன்னான், சிரித்தோம். மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைத்து, கிளம்பும் நேரம். ராயன் மட்டும் கல்லறையை விட்டு நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

"அத்தான்" என்றான் மெதுவாக. "இன்னொரு தடவ கையக் காட்டுங்களேன்."