நட்சத்திர அண்ணன் கண்டுபிடித்த தாத்தா

"தாத்தாவுக்குப் படையல். மத்தியானம் வாங்க. குழம்பு நிறைய இருக்கும்." சென்ற ஆடி அமாவாசைக் காலையில் நட்சத்திர அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இது. பெயர் தெரியாத தாத்தாவைக் குழம்பை வைத்தே கண்டுபிடித்த மனிதர் பினாங்கில் அவர் ஒருவர்தான்.

துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர். பழைய மொழிகளின் மேல் பித்து. யாரும் எழுதிவைக்காத ஒரு சொல்லை, அதன் பிள்ளைச் சொற்களை வைத்துக் கணித்து, முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள் அறிஞர்கள். பட்டப்பெயர் வந்தது அதிலிருந்துதான்.

அவருக்குப் பிடித்த சொல் *மட்டிஸ். ஆங்கிலம், ஜெர்மன், சுவீடிஷ் மொழிகளுக்கெல்லாம் மூத்த மொழியில் அதற்கு உணவு என்று பொருள். இறைச்சியைக் குறிக்கும் ஆங்கில 'மீட்' அதன் பிள்ளை. 'ஈரம், சொட்டுதல்' என்பதே அதன் வேர் என்று ஒரு கருத்து உண்டு. அதைப் படித்த நாள்முதல் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடைகளுக்குக் கஷ்டகாலம்.

"அண்ணே, பாஞ்சிர்!" என்பார். குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்வது. "சோறு தெரியவே கூடாது லா. காஞ்சது சாப்பாடே இல்ல. செத்துப்போன மொழியே சொல்லுது."

"செத்தவங்க பேச்செல்லாம் கேக்காதீங்கண்ணே, தட்டு வழியுது!" என்பார் கடைக்காரர்.

அவருடைய தாத்தா கப்பலில் மூட்டை இறக்கியவர். அண்ணனின் அப்பா கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துபோனார். பெயர் யாருக்கும் தெரியாமல், சொல்லிக் கூப்பிட முடியாததால் வீட்டில் யாரும் அவருக்குப் படையல் போட்டதில்லை. "இன்னும் பசியோட நிக்கிறாரு" என்பார் அண்ணன், சிரிக்காமல். பிறகு, பழைய சொல்லைக் கணிப்பதுபோலவே கணக்குப் போட்டார்: அப்பா, அத்தை, அக்கா, தான், எல்லாருக்கும் சோறு மிதக்க வேண்டும். ஆகவே தாத்தாவுக்கும்.

பாகான் டாலாமில் இருக்கும் தன் வீட்டில் இலை போட்டு, கத்திரிக்காய்க் குழம்பை வெள்ளமாக ஊற்றினார். இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம்.

"நட்சத்திரத் தாத்தா, வாங்க!" என்று கூப்பிட்டார் அண்ணன்.

"பேர் தெரியாம கூப்பிட்டா எவன் வேணும்னாலும் வருவான்டா!" என்றாள் அக்கா.

உள்ளே உறிஞ்சும் சத்தம் கேட்டது. நிதானமாக, நீளமாக.

கதவைத் திறந்தோம். ஜன்னல்கள் சாத்தியபடியே இருந்தன. வடையும் அப்பளமும் வைத்த இடத்திலேயே இருந்தன. சோறு மட்டும் வெள்ளை வெளேரென்று, அப்போதுதான் வடித்ததுபோல் உலர்ந்து கிடந்தது.

"பூனைடா."

"எந்தப் பூனை, அக்கா, கத்திரிக்காய்க் குழம்பு குடிக்கும்?"

அக்கா அடுப்படிக்குப் போனாள். சட்டியோடு வந்து மீதிக் குழம்பு முழுவதையும் இலையில் கவிழ்த்தாள். "மெதுவா சாப்பிடுங்க தாத்தா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அண்ணன் சிரித்துக்கொண்டே அழுதார்.

குழம்பு ஒழுகிப்போக இலையில் கிழிசல் ஏதும் இருந்ததா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை. அண்ணனின் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதைத் தூக்கிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.