கைதியை விசாரித்த ஜாகா

போருக்குப் போனவர்கள் உலகத்தில் ஓர் இனம். போகாதவர்கள் இன்னோர் இனம். இரண்டிலும் ஒட்டாமல் மூன்றாவதாக ஒன்று உண்டு: போய்த் திரும்பியவன் ஒழுங்காகத்தான் போனானா, ஒழுங்காகத்தான் பிடிபட்டானா, பிடிபட்ட இடத்தில் ஒழுங்காகத்தான் உதை வாங்கினானா என்று சோதித்து முத்திரை குத்துகிற இனம். இதற்குச் சம்பளம் கிடையாது. படிப்பும் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும். நான்கு காலும் சமமாக இருந்தால் நல்லது. தீர்ப்புச் சொல்லும்போது சாய்ந்துகொள்ள வேண்டுமா இல்லையா?

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அடையாளம் தெரியவில்லை என்றால் மலேசியாவில் எங்கள் சுங்கைப்பட்டாணிக்கு வாருங்கள். பாக்கார் ஆராங் பகுதியில் பிரேமலா அக்காவின் ஒட்டுக்கடை, தேநீரும் ரொட்டியும் போடுகிற சாலையோரக் கடை; அதில் கூரைக் காற்றாடிக்கு நேர் கீழே உள்ள மேசை; காலை ஒன்பது மணி. தர்மலிங்கம் உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வருடம் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் வாசலில் ஜாகா பார்த்தவர். ஜாகா என்றால் காவல்காரர்தானே என்று நீங்கள் சொல்லலாம். அவர் காதில் விழும்படி சொல்லாதீர்கள். "நானும் யூனிஃபார்ம் போட்டவன்தான்" என்பார். போட்டார்தான். நீலச் சட்டை, தோளில் பட்டை, இடுப்பில் டார்ச்லைட். நாட்டின் பாதுகாப்பைப் பற்றிப் பேச இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த இனத்தார் பேச்சைத் தொடங்கும் முறையே தனி. "நான் ஒண்ணும் சொல்லல லா, சும்மா கேக்குறேன்" என்பார்கள். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் சொல்வார்கள். ரொட்டி சானாயைப் பிய்த்து ஒரு துண்டை எதிரி முகாம் என்று வைத்து, பருப்புக் குழம்பை ஆறாக ஓடவிட்டு, சர்க்கரை டப்பாவை மலையாக்கி, "இங்க ரெண்டு பேரு, அங்க ரெண்டு பேரு, பின்னால வந்து அமுக்குனா முடிஞ்சுது கதை" என்று போரை முடித்துவிட்டு, கடைசியில் எதிரி முகாமை ஆற்றில் தோய்த்துச் சாப்பிட்டுவிடுவார்கள். எதிரில் உட்கார்ந்து தலையாட்ட ஒருவர் வேண்டும். தர்மலிங்கத்துக்கு அழகப்பன் இருக்கிறார். பள்ளி பஸ் ஓட்டுகிறவர். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டதிலிருந்து திரும்ப ஏற்றும்வரை தலையாட்டுவதுதான் அவருக்கு வேலை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் லோகேஸ்வரன் உயிரோடு திரும்பி வந்தான்.

லோகேஸ்வரன் மருதம்மாளின் ஒரே மகன். ராணுவத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் ஒரு வறண்ட நாட்டுக்கு அவனை அமைதிப்படையோடு அனுப்பினார்கள். கிராமம் கிராமமாகத் தண்ணீர் கொண்டுபோன லாரியை ஒருநாள் ஓர் ஆயுதக் கும்பல் மடக்கி, அவனையும் கூட இருந்த அஸ்மானையும் பிடித்துக்கொண்டு போனது. பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளும் தர்மலிங்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை. ஃபோனில் அவன் படம், படத்துக்குப் பின்னால் புலி, புலிக்குப் பின்னால் கொடி. "நம்ம தோட்டத்து ரத்தம்டா, பத்து பேர சாய்க்காம விழமாட்டான்" என்று கண் கலங்கினார். அழகப்பனும் கலங்கினார்.

இருபதாவது நாள் பேச்சுவார்த்தை நடந்து, கும்பல் இருவரையும் விட்டுவிட்டது. யாரும் சாயவில்லை. கோளாறு அங்கேதான். செத்திருந்தால் மண்டபத்தில் படமாக மாட்டியிருப்பார்கள். உயிரோடு வந்தவனை எந்த ஆணியில் மாட்டுவது?

இருந்தாலும் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். முந்நூறு பேர். மாலை, பொன்னாடை, தட்டு நிறைய மீகூன் நூடுல்ஸ். மைக்கைக் கையில் கொடுத்ததும் லோகேஸ்வரன் நான்கே நிமிடம் பேசினான். பிடித்தார்கள், ஓர் அறையில் அடைத்தார்கள், ரொட்டி கொடுத்தார்கள், சில நாள் கொடுக்கவில்லை, அவர்களுடைய தண்ணீர் பம்ப் கெட்டுப்போனபோது சரிசெய்யச் சொன்னார்கள், செய்தேன், அந்தக் கிராமத்துப் பிள்ளைகளும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள், அம்மாவோடு ஒருதடவை ஃபோனில் பேசவிட்டார்கள், அழுதுவிட்டேன், பிறகு விட்டுவிட்டார்கள். வணக்கம்.

இதற்காகவா முந்நூறு பேர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்? தர்மலிங்கம் எழுந்தார்.

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. சும்மா கேக்குறேன். ஏன் தப்பிச்சு ஓடல?"

"அஸ்மானுக்குக் கால்ல அடி அங்கிள். அவன விட்டுட்டு எப்படி ஓடுறது?"

"சரி, அவன் மட்டும் இல்லன்னா ஓடியிருப்ப. அப்படித்தானே?"

ஒருவன் பொய் சொல்லிப் பிழைத்துக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பை யார் கொடுப்பார்கள்? கதவைத் திறந்து வைத்து, பாய் விரித்து, உள்ளே வா என்று கூப்பிடுகிற கேள்வி. லோகேஸ்வரன் உள்ளே போகவில்லை.

"தெரியல அங்கிள். ரொம்ப பயமா இருந்துச்சு."

மண்டபத்தில் தட்டுச் சத்தம் நின்றது. கோயில் தலைவர் அவசரமாக நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாளே காற்றாடிக்குக் கீழே விசாரணைக் கமிஷன் கூடியது.

"ஏர்போர்ட்ல எறங்குறப்ப கால்ல என்ன? புது சிலிப்பர்! கைதிக்கு யாருய்யா புது சிலிப்பர் வாங்கிக் கொடுத்தா?"

"அதானே" என்றார் அழகப்பன்.

"ஒடம்பு எளைக்கல. மொகத்துல ஒரு கீறல் இல்ல."

"ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் வச்சிருந்துதானே அனுப்புனாங்க?" என்றார் பிரேமலா அக்கா, தேநீரை ஆற்றிக்கொண்டே.

"அத நீ பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் பாக்கல. அதனாலதான் கேக்குறேன்!"

இந்தப் பதிலுக்கு உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் மறுப்பு கிடையாது.

"எதிரிக்கு பம்ப் ரிப்பேர் பண்ணிக் கொடுத்திருக்கான். நானா இருந்தா உள்ளுக்கு மண்ண அள்ளிப் போட்டிருப்பேன்" என்றார் தர்மலிங்கம். அவர் வீட்டுக் குழாய் ஏழு மாதமாக ஒழுகுகிறது, அடியில் வாளி வைத்திருக்கிறார் என்பது வேறு கதை. இத்தனைக்கும் அவருடைய பாட்டனார் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வந்தவர். அங்கே அவர் மூங்கிலால் மூன்று ஜப்பான்காரனைச் சாத்தியதாகத் தர்மலிங்கம் சொல்லும்போது யாரும் இதுவரை மூங்கிலின் நீளத்தைக் கேட்டதில்லை.

லோகேஸ்வரன் கடைக்கு வருவதை நிறுத்தினான். பின்சந்து வழியாகவே போனான், வந்தான். பசியாற வேண்டுமென்றால் மருதம்மாள் வந்து பொட்டலம் கட்டிக்கொண்டு போவார். ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தால் பிள்ளை பழையபடி ஆகிவிடுவான் என்று அவர் பெண் பார்க்கவும் ஆரம்பித்தார்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகுமுன் மாப்பிள்ளை ஊர் ஒட்டுக்கடைக்குப் போவார்கள். பாலில்லாத தேநீர், தே ஓ ஒன்று சொல்லிவிட்டு, ஃபோனிலேயே இருக்கிற விலாசத்தைத் தெரியாததுபோல் கேட்டு, மழை வெயிலைப் பற்றிப் பேசி, பேச்சை மெல்ல உருட்டிக்கொண்டுவந்து "பையன் எப்படி?" என்பதில் நிறுத்துவார்கள். ஜாதகம் பார்க்கிறவருக்குக்கூட அவ்வளவு அதிகாரம் கிடையாது. அலோர் ஸ்டாரிலிருந்து ஓர் இடம் வந்தது; காற்றாடிக்குக் கீழே கால்மணி நேரம் உட்கார்ந்தது; மருதம்மாள் வீட்டு வாசலை மிதிக்காமலே திரும்பிப் போனது. பாடாங் செராயிலிருந்து வந்ததும் அப்படியே. தர்மலிங்கம் எதையும் கெடுக்கவில்லை. சும்மா கேட்டார், அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை மருதம்மாள் பொட்டலத்துக்குக் காத்துக்கொண்டு நின்றபடி பிரேமலா அக்காவிடம் சொன்னார்: "கூலிம்ல இருந்து ஒரு எடம் வருது பிரேமலா. பொண்ணு பேரு ஷாமளா. இவனுக்குப் படத்தப் பாத்ததுமே புடிச்சிருச்சு, வாயத் தொறந்து சொல்லிட்டான். இதுவும் போச்சுன்னா மறுபடியும் அந்த நாட்டுக்கே எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவேங்கிறான். அங்க யாரும் கேள்வி கேக்கமாட்டாங்களாம்."

குரல் மேசைவரை எட்டும்படிதான் சொன்னார். மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் போனதும் பிரேமலா அக்கா கரண்டியோடு வந்து நின்றார். "அண்ணே, இந்த வாட்டி யாராச்சும் வந்து கேட்டா வாயில ரொட்டிய வச்சுக்கிட்டு இருங்க. புண்ணியமாப் போவும்."

"நான் என்ன சொல்லப்போறேன்? நடந்தத மட்டும்தான் சொல்லுவேன்" என்றார் தர்மலிங்கம். அவர் அப்படித்தான் நம்பினார். இந்த இனத்தில் பொய்யர்கள் குறைவு, அதுதான் ஆபத்து.

சனிக்கிழமை ஒரு மைவி காடி, குட்டிக் கார், வந்து நின்றது. தொழிற்சாலைச் சட்டையோடு, கழுத்தில் தொங்கிய அட்டையைக்கூடக் கழற்றாமல், ஓர் அம்மாள் இறங்கினார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். தே ஓ சொன்னார். விலாசம் கேட்டார். அழகப்பன் தர்மலிங்கத்தைப் பார்த்தார். பிரேமலா அக்கா, "நல்ல புள்ளம்மா, தங்கமான புள்ள" என்று முந்திக்கொண்டார். அந்த அம்மாள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, காற்றாடிப் பக்கம் திரும்பினார்.

"நான் சந்திரா. பொண்ணோட சித்தி. நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

கேட்டபிறகு ஒரு மனிதர் என்ன செய்வார்?

"நான் ஒண்ணும் சொல்லல தங்கச்சி. ஆனா ஒரு பொண்ணோட வாழ்க்க. பையன் குடிக்கமாட்டான், அது நெசம். ஆனா பத்தொம்போது நாள் உள்ள இருந்துட்டு ஒரு கீறல் இல்லாம வந்திருக்கான். ஏன்டா ஓடலன்னா கூட்டாளிக்குக் கால் அடிங்கிறான். அவனுங்களுக்கு பம்ப் வேற ரிப்பேர் பண்ணிக் கொடுத்திருக்கான். அம்மாகிட்ட ஃபோன்ல அழுதிருக்கான். கடைசியில சொல்றான், ரொம்ப பயமா இருந்துச்சாம்!"

"யாரு சொன்னா, பயந்தாருன்னு?"

"அவனேதான்! மைக்கப் புடிச்சு!"

"எல்லார் முன்னாடியுமா?"

"முந்நூறு பேரு! எனக்கே கூச்சமாப் போச்சு."

பிரேமலா அக்கா கரண்டியைச் சட்டியில் போட்ட சத்தம் பக்கத்துக் கடைவரை கேட்டது. சந்திரா தே ஓவைக் கலக்கிக்கொண்டே இருந்தார். கலக்கச் சர்க்கரை ஒன்றும் பாக்கியில்லை.

"எங்க அக்கா வீட்டுக்காரருக்கு எதுக்குமே பயம் கெடையாதுண்ணே" என்றார் கடைசியில். "கேட்டா அவரே சொல்லுவாரு. அக்காவ அடிப்பாரு, காலையில கேட்டா 'நான் எங்க அடிச்சேன்'னு கேப்பாரு. நாங்க பாத்திருப்போம், அப்பவும் இல்லம்பாரு. அந்த வீட்டுல வளந்தவ ஷாமளா. அவ என்னைய ஒண்ணே ஒண்ணுதான் விசாரிச்சுட்டு வரச் சொன்னா. 'தனக்கு அசிங்கம்னாலும் உள்ளத உள்ளபடி சொல்ற ஆளா? அத மட்டும் கேட்டுட்டு வா சித்தி'ன்னா. இத யார்கிட்டப் போயி கேக்குறது? வேண்டியவங்க எல்லாரும் தங்கம்னுதான் சொல்லுவாங்க. உங்களுக்கு அந்தத் தம்பியச் சுத்தமாப் புடிக்கல. அப்ப நீங்க சொல்றத நம்பலாம்."

எழுந்து, இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு, விலாசம் கேட்ட வீட்டுக்கு யாரிடமும் வழி கேட்காமல் நேராகப் போனார்.

நிச்சயம் நடந்தது. மருதம்மாள் ஒரு டப்பா லட்டைத் தர்மலிங்கத்தின் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, "நீங்க சொன்ன வார்த்தையாலதாண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் தர்மலிங்கம் சொன்ன எதையும் ஒருவர் முழுதாக நம்பியது அதுதான் முதல் தடவை. அவருக்குத் தாங்கவில்லை. "அந்தம்மா நெசமாவே சித்திதானா?" என்றார் மறுநாள். "எங்கயோ இடிக்குதே."

"அதானே" என்றார் அழகப்பன், லட்டை மென்றுகொண்டு.

அடுத்த வாரம் லோகேஸ்வரன் முன்வாசல் வழியாகவே கடைக்கு வந்து, தர்மலிங்கத்தின் எதிரில் உட்கார்ந்தான். அழகப்பன் பஸ்ஸுக்கு டயர் மாற்றப் போயிருந்தார். தலையாட்ட ஆளில்லை.

"தேங்க்ஸ் அங்கிள்."

"பரவால்ல, பரவால்ல."

"அங்கிள், நீங்க அத்தன வருஷம் ஜாகா பாத்திருக்கீங்க. ஒருவாட்டிகூட உங்களுக்குப் பயமா இருந்ததில்லையா?"

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தார். இல்லை. அதே நோய் வந்த இன்னொருவரிடம் மருந்து விசாரிப்பதுபோல்தான் கேட்டான்.

தர்மலிங்கத்துக்குத் தொண்டைவரை வந்தது. ஒரு தீபாவளி விடுமுறை, பட்டப்பகல், ஆளில்லாத தொழிற்சாலை. வேலியேறிக் குதித்த மூன்று பேர். மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் மூச்சுச் சத்தம் வெளியே போகாமல் வாயைப் பொத்திக்கொண்டு, எவ்வளவு நேரம் என்றே தெரியாமல் இருந்தது. அப்புறம் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பதிவேட்டில் 'சம்பவம் எதுவும் இல்லை' என்று எழுதியது. அதைச் சொல்வதற்கு உலகத்திலேயே சரியான ஆள் எதிரில் உட்கார்ந்திருந்தான். இன்னொருத்தன் இப்படி வரப்போவதில்லை. வாயைத் திறந்தார்.

"பயமா? எனக்கா?" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"சரிங்க அங்கிள்" என்றான் லோகேஸ்வரன். எந்த வருஷம், எந்த வாசல், யார் சாட்சி என்று ஒன்றுமே கேட்கவில்லை. நம்பிவிட்டான். அல்லது, போகட்டும், அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். தர்மலிங்கம் சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவுதான் விஷயம். ஆனால் உங்கள் உதடு லேசாகக் கோணுகிறதே, ஏன்? மேசைக்கடியில் ஒளிந்ததை அந்த மனிதர் ஒருவரிடமும் சொல்லவில்லை என்றால் அது வெளியே எப்படி வந்தது? வந்தவர்கள் மூன்று பேர் என்று ஒளிந்திருந்தவர் எப்படி எண்ணினார்? பெரிய தொழிற்சாலையில் ஒரே ஒரு காவல்காரரா? நல்ல கேள்விகள். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். நின்றுகொண்டே கேட்டால் கால் வலிக்கும். முதலில் இந்த நாற்காலியில் இப்படி உட்காருங்கள்.