வேப்பமோட்டைக் கிணறு சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வரலாறு

பூமியில் தண்ணீர் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அது குடிக்கத் தகுந்ததானது தூயநீர் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை தோன்றிய பிறகுதான். அதற்கு முன்பு தண்ணீர் குடித்து உயிர் வாழ்ந்தவர்கள் எல்லாரும் சட்டவிரோதமாக உயிர் வாழ்ந்தவர்கள்.

அப்படி அனுமதியில்லாமல் வாழ்ந்துகொண்டிருந்த ஊர்களில் ஒன்று, மாங்குளத்துக்கு உள்ளே இருக்கும் வேப்பமோட்டை. அங்கே வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. ஆனால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படியும். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்த சனம் அதைக் குளிக்க மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க மாதர் சங்கக் காணிக்கு வந்தது. ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு அங்கேதான் இருந்தது.

சங்கத்தின் செயலாளர் ஜெகதீஸ்வரிக்கு ஒரு யோசனை வந்தது. இந்த நீரைப் போத்தலில் அடைத்து வீதியால் போகிற பஸ்களுக்கு விற்றால் பெண்களுக்கு ஒரு தொழிலாகுமே என்று நினைத்தார். நல்ல யோசனைகளின் வழக்கமான தண்டனை அவருக்கும் கிடைத்தது, அனுமதிக்கு விண்ணப்பித்தார்.

'இயற்கைக் கனிமநீர்' என்ற பெயரை எளிதாகச் சூட்டிவிட முடியாது. காய்ச்சக் கூடாது, கலக்கக் கூடாது, ஊற்றெடுக்கும் இடத்திலேயே அடைக்க வேண்டும். இயற்கை இயற்கையாகத்தான் நடந்துகொள்கிறது என்பதை ஓர் அதிகாரி நேரில் வந்து உறுதிப்படுத்தவும் வேண்டும். அப்படி உறுதிப்படுத்தக் குளிரூட்டிய ஜீப்பில் வந்தவர்தான் பிராந்தியப் பரிசோதகர் கிருசாந்தன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் மோர் இருக்கும், மரத்தில் இளநீர் தொங்கும். ஆனாலும் மதிப்பான ஆள் வந்தால் கடைக்கு ஓடிப்போய்ச் சோடாவும் பிஸ்கற்றும் வாங்கித்தான் வைப்போம். வீட்டுச் சாமானை நீட்டினால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். ஜெகதீஸ்வரியும் குறை வைக்கவில்லை. மாங்குளம் சந்தியிலிருந்து குளிர்ந்த 'வெண்சிகரம்' தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கி வைத்திருந்தார். போத்தலில் ஒரு பனிமலைப் படம். இலங்கையில் பனிமலை இல்லை என்பது அந்த மலைக்குத் தெரியாது. மிச்ச இடமெல்லாம் அத்தாட்சி முத்திரைகள். தண்ணீர் தெரிவதற்குத்தான் இடமில்லை.

பரிசோதகர் இரண்டு கிளாஸ் குடித்து, தண்ணீர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாராட்டினார். பிறகு கிருமி நீக்கிய மாதிரிப் போத்தலை எடுத்தார். அதிகாரியே கிணற்றடிக்குப் போய் நீர் எடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஜீப்புக்கும் கிணற்றுக்கும் நடுவில் வெயில் இருந்தது. வெயிலைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

"தங்கச்சி, இதை நிரப்பிக்கொண்டு வாங்கோ. விரல் படாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார்.

ஜெகதீஸ்வரி போத்தலோடு கிணற்றைப் பார்த்து நடந்தவர், பாதியில், வெண்சிகரம் அடுக்கியிருந்த குசினிப் பக்கம் திரும்பினார். இந்தப் போத்தல் கொழும்புக்குப் போகப் போகிறது. ஆய்வுகூடத்தில் எத்தனை படித்த பெரியவர்கள் கையில் எடுப்பார்கள்! அவர்களுக்குப் போய் வாளியில் அள்ளின கிணற்றுத் தண்ணீரையா கொடுத்தனுப்புவது? பரிசோதகர் குடித்த மிச்சத்தை அனுப்புவதும் மரியாதை இல்லை என்பதால், புது வெண்சிகரம் ஒன்றை உடைத்து நிரப்பிக் கொடுத்தார். இதில் கள்ளம் ஒன்றுமில்லை, வளர்ப்பு அப்படி.

கொழும்பு முடிவு சொன்னது. நீரில் மலக்கிருமி. கிணற்றுக்கு இரும்பு மூடி வந்தது, பூட்டு வந்தது, பலகையும் வந்தது: 'மனிதப் பாவனைக்கு உகந்ததல்ல.' ஊர்ச்சனம் பழையபடி சுண்ணாம்புத் தண்ணீருக்குப் போனது. கையில் காசு உள்ளவர்கள், பாதுகாப்புக் கருதி, வெண்சிகரம் வாங்கினார்கள். ஜெகதீஸ்வரிக்கு வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. தன் மரியாதையால் ஊரின் வாயில் மண் விழுந்துவிட்டதே என்று அழுதார். பிறகு பஸ் ஏறிப் பரிசோதகரின் கிளிநொச்சிக் கந்தோருக்குப் போனார்.

"சேர், அது எங்கட கிணத்துத் தண்ணி இல்லை. நான்தான் வெண்சிகரத்தை நிரப்பித் தந்தனான்."

பரிசோதகர் கோபிக்கவில்லை. அறிவியல் கோபப்படாது.

"வெண்சிகரத்துக்கு அத்தாட்சி இருக்கு. அதில கிருமி இருக்கேலாது. உங்கட கிணத்துக்கு அத்தாட்சி இருக்கோ?"

"இல்லை சேர்."

"அப்ப கிருமி ஆரின்ர தண்ணியில?"

பரிசோதகர் வெற்றியோடு மேசையிலிருந்த வெண்சிகரத்தை எடுத்து வாய்வரை கொண்டுபோனவர், அப்படியே நிறுத்தினார்.

"அண்டைக்கு எனக்குத் தந்ததும் இதுதானோ?"

"ஓம் சேர். ரெண்டு கிளாஸ் குடிச்சனீங்கள்."

அவர் போத்தலை மெல்ல மூடி மேசைக்குக் கீழே வைத்தார். மறுபரிசோதனைக்குக் கோப்பு கொழும்பு போய் வர வேண்டும், அதுவரை கிணறு தன்னுடைய 'நேரடிக் கண்காணிப்பில்' இருக்கும் என்று அறிவித்தார்.

சொன்ன சொல் தவறாத மனிதர். அடுத்த கிழமையே ஜீப் வந்தது. சாரதி பூட்டைத் திறந்தார், பெரிய பெரிய கான்களில் நீரை நிரப்பினார், திரும்பவும் பூட்டினார். கிழமைக்குக் கிழமை இதுவே நடந்தது. சோதனைக்கு இவ்வளவு தண்ணீர் வேண்டுமா என்று ஜெகதீஸ்வரி கேட்க, ஆய்வுகூடத்துக்கில்லை, ஐயா வீட்டுக்கு என்று சாரதி வெள்ளந்தியாகச் சொன்னார். ஐயாவின் வீட்டம்மா இப்போது கடைப் போத்தலை வாசற்படி ஏற விடுவதில்லையாம். ஊரைக் காப்பாற்றுவதற்காகத் தன் பெண்சாதி பிள்ளைகளையே ஆபத்தான நீருக்கு ஒப்புக்கொடுத்த அந்தத் தியாகத்தை என்னவென்று புகழ்வது!

ஒருநாள் பரிசோதகரே வந்து இறங்கினார். ஜெகதீஸ்வரி வெறும் கானோடு முன்னால் போய் நின்றார்.

"சேர், எங்களுக்கும் ஒரு கான் அள்ள விடுங்கோ. பிள்ளையள் சுண்ணாம்புத் தண்ணி குடிக்குதுகள்."

பரிசோதகர் பொறுமையாகப் பலகையைக் காட்டினார்.

"படிச்சனீங்கள்தானே தங்கச்சி. மனிசர் குடிக்கக் கூடாது எண்டு போட்டிருக்கு."

ஜெகதீஸ்வரி பலகையைப் பார்த்தார். ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த கான்களைப் பார்த்தார்.

"அப்ப உங்கட வீட்டில இதை ஆர் சேர் குடிக்கினம்?"