சுருங்காத ஈரல்

தன் வயிற்றுக்குள் ஈரல் என்று ஒன்று குடியிருப்பதை லோவெல் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் நினைத்துப் பார்த்ததே இல்லை. அது பாட்டுக்கு அது இருந்தது, இவர் பாட்டுக்கு இவர் சாப்பிட்டார். இப்போது என்னடாவென்றால் ஊரே அவர் ஈரலைத்தான் விசாரிக்கிறது.

லோவெல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். ஓட்டுகிறவர் என்ன, ஓட்டிக்கொண்டிருந்தவர். போன வருஷம் ஸ்டியரிங் அவர் தொப்பையில் மாட்டிக்கொண்டு இடது பக்கம் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. மேலதிகாரி வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், உடம்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், வண்டி உங்களுக்குத்தான் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். அந்த மஞ்சள் வண்டி இல்லாமல் லோவெலுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. மினசோட்டாக் குளிரில் அது இருமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். இப்போது பொழுதும் விடிவதில்லை, ஒன்றும் விடிவதில்லை.

இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன்தான் வழி என்று ஆயிற்று. அதற்கு முன்னால் இரண்டு வாரம் பத்தியம். கொழுத்த ஈரல் சுருங்கி வழிவிட்டால்தான் டாக்டர் உள்ளே வேலை செய்ய முடியுமாம். அக்டோபரிலேயே ஒரு தேதி குறித்தார்கள். பத்தியம் முடிந்து போய் நின்றபோது லோவெல் நாலு கிலோ கூடியிருந்தார். பத்தியத்தில் பெருத்த மனுஷனை டாக்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாராம். இன்னும் ஒரே ஒரு தடவை, உள்ளே பார்க்கும்போது ஈரல் இப்படியே இருந்தால் மூடித் தைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், அப்புறம் என் வாசலுக்கே வராதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியோடு போனில் பேசுவதெல்லாம் மனைவி மார்லிஸ்தான். மணி அடித்தாலே லோவெல் குளியலறைக்குள் போய்விடுவார். ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் மார்லிஸ் போனை வைத்துவிட்டு அவர் வெளியே வரும்வரை காத்திருந்தாள்.

"பதிமூணாம் தேதி ஆபரேஷன். நாளைலேர்ந்து பத்தியம். இதான் கடைசி சான்ஸ், லோவெல்."

லோவெல் நெஞ்சை நிமிர்த்தினார். நெஞ்சு நிமிர்ந்ததோ இல்லையோ, தொப்பை நிமிர்ந்தது. செத்தாலும் இந்தத் தடவை பத்தியத்தை மீற மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். சத்தியம் மறுநாள் மத்தியானம் வரைக்கும் தாங்கியது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காலையில் ஏதோ பொடியைக் கரைத்து ஒரு தம்ளர், வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு மாதிரி. மத்தியானம் சூப் என்ற பேரில் கோழிக்குக் காட்டிவிட்டு எடுத்த வெந்நீர். ராத்திரி சர்க்கரை போடாத ஜெல்லி. அது தட்டில் நடுங்கியது, இவர் நாற்காலியில் நடுங்கினார். ஒரு தடவை நாய் பிஸ்கெட் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். நாய் பார்த்துக்கொண்டிருந்ததால் மூடி வைத்தார். இப்படியும் ஒரு பிழைப்பா என்று அழுகை அழுகையாக வந்தது.

மீன் பிடித்தாலாவது பசி மறக்கும் என்று ஏரிக்குப் போனார். உறைந்த ஏரியின் மேல் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. உள்ளே பனிக்கட்டியில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் தூண்டில், பக்கத்தில் அடுப்பு. மீன் நாற்றத்துக்குப் பயந்து மார்லிஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. அன்றைக்குப் பார்த்து அடுத்த கொட்டகை ஆர்னி இவர் அடுப்பிலேயே சாஸேஜ் வறுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு எடுத்துக்க."

"வேணாம் ஆர்னி. பத்தியம்."

"சும்மா ஒண்ணு."

"ஐயோ, வேணாம்ப்பா."

"சின்னதுதான்."

"சரி, நீ இவ்வளவு தூரம் சொல்றே."

அந்த ஊர் மரியாதை அப்படி. யார் எதை நீட்டினாலும் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், மூன்றாம் தரம் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் தரமும் வேண்டாம் என்றால் முகத்தில் அடித்த மாதிரி. லோவெல் யார் முகத்திலும் அடித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பாவம், ஆபரேஷனுக்குப் போகிற மனுஷன் என்று இரக்கப்பட்டு, உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் சீஸும் அடுக்கிச் சுட்ட பெரிய பெரிய தட்டுகளைப் பெண்கள் நீட்டினார்கள். மார்லிஸ் பாட்டுக்குழுவில் நின்று மெய்மறந்து பாடிக்கொண்டிருந்தாள். சர்ச்சுக்குக் கீழே, சாப்பாடு போடும் நிலவறையில், லோவெல் தட்டு தட்டாக மரியாதையைக் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு வெட்கம் விட்டுப்போயிற்று. தூண்டில் புழு டப்பாவுக்கு அடியில் சாஸேஜ். பனி தள்ளும் இயந்திரத்தின் கருவிப் பெட்டியில் டோனட். பரணில் பழைய பூட்ஸுக்குள் சீஸ். வாங்கி வந்து கொடுக்க ஆர்னி, வேவு பார்க்கத் தபால்காரர்.

மார்லிஸுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ஜெல்லியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கஷ்டப்படுறே, உன் முகமே சுருங்கிப்போச்சு, எனக்குப் பெருமையா இருக்கு என்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஜெல்லியை விழுங்குவார். சுருங்கினது முகம்தான், ஈரல் இல்லை என்று அவருக்கல்லவா தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் நாளையிலிருந்து ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பார். நாளைக்கு யாராவது எதையாவது நீட்டுவார்கள்.

பதிமூன்றாம் தேதியும் வந்துவிட்டது. காலையில் தண்ணீர்கூடத் தொடக்கூடாது என்று சொல்லி, மார்லிஸ் அவரைக் காரில் ஏற்றினாள். ஆஸ்பத்திரிக்கு ஏரியைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரப் பயணம். வழியில் பள்ளிக்கூட வாசலில் அவருடைய மஞ்சள் வண்டி நின்றது. வேறு எவனோ ஒரு ஒல்லிக்குச்சி அதன் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததுதான் தாமதம், லோவெல் உடைந்துவிட்டார்.

"வண்டியைத் திருப்பு மார்லிஸ். போய்ப் பிரயோஜனமில்லை."

"பயமா இருக்கா?"

"பயமில்லை. நான் தின்னுட்டேன். தினமும் தின்னேன். அந்த டாக்டர் உள்ள பாத்துட்டு மூடித் தச்சிடுவார். என் வண்டி போச்சு. எல்லாம் போச்சு."

மார்லிஸ் திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் அழவைத்தது. சாலையைப் பார்த்தபடியே, எங்கே வைத்துத் தின்றாய் என்று குழந்தையிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். லோவெல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, புழு டப்பாவைச் சொன்னார்.

"வேற?"

கருவிப் பெட்டியைச் சொன்னார்.

"வேற?"

பூட்ஸைச் சொன்னார். ஆர்னியைச் சொன்னார். தபால்காரரைச் சொன்னார். சர்ச்சில் தட்டு நீட்டினவர்களை ஒருத்தர் விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல மனசு லேசாகிக்கொண்டே வந்தது. இந்த உத்தமியை ஏமாற்றினோமே என்ற துக்கம் மட்டும் பாக்கி இருந்தது.

"வேற ஒண்ணுமில்லையே?"

"சத்தியமா இல்லை."

கார் நின்றது. கையை எடுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியைக் காணோம். நாலா பக்கமும் வெள்ளை ஏரி, கார் பனிக்கட்டி மேல் நிற்கிறது, எதிரே அவருடைய தகரக் கொட்டகை.

"இங்க எதுக்கு வந்தோம்? ஆபரேஷன்?"

"அது இருபத்தேழாம் தேதி."

லோவெலுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. டாக்டர் இன்னும் ஈரலைப் பார்க்கவில்லை. வண்டி போகவில்லை. கடைசி சான்ஸ் அப்படியே பத்திரமாக இருக்கிறது. சந்தோஷத்தில் மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகுதான், பின் ஸீட்டில் காலிச் சாக்குப் பைகளும், அவற்றின் மேல் ஒரு தம்ளர் சுண்ணாம்புத் தண்ணீரும் இருப்பது கண்ணில் பட்டது.

"அப்ப இந்த ரெண்டு வாரம்?"

மார்லிஸ் கையை விடுவித்துக்கொண்டு கையுறையை மாட்டினாள், புழு டப்பாவுக்கென்று ஒரு சாக்கை எடுத்துக்கொண்டாள்.

"அது உன் திருட்டுத்தனத்துக்குன்னு ஒதுக்கினது, லோவெல். பத்தியம் இன்னிக்குத்தான் ஆரம்பம்."