அடியேன் பிழைகள் நாற்பத்தேழு

காரமடை அரங்கன் திருவடிகளே தஞ்சம்.

சிங்காநல்லூர்,
புதன்கிழமை.

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மைத்துனர் திருநிறை லட்சுமணசாமி அவர்களுக்கு, கோவிந்தராஜுலு வணங்கி எழுதிக்கொள்வது. சத்தியமங்கலத்தில் தாங்களும் தங்கள் இல்லத்தாரும் அரங்கன் அருளால் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். பவானியில் நீர்வரத்து நன்றென நாளிதழில் கண்டு மகிழ்ந்தேன். என் நலத்தைப் பற்றி எழுத ஏதுமில்லை. தேர்தலில் தோற்றேன்.

எந்தத் தேர்தல் என்று வியப்பீர்கள். தங்கள் தமக்கை வெங்கடம்மாளின் முதலாண்டு நினைவுநாள் அழைப்பிதழைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைக் கணிப்பொறியில் நானே தட்டச்சு செய்தேன். அதிலிருந்த 'சொற்காவல்' என்னும் தமிழ்ப் பிழைதிருத்தி, அவள் பெயரையே பிழையெனக் கருதி 'வெங்காயம்மாள்' என்று திருத்தியதை நான் கவனிக்கவில்லை. இருநூறு பேர் படித்தார்கள். தாங்களும் படித்தீர்கள், ஒரு சொல்லும் சொல்லாமல் உணவருந்திச் சென்றீர்கள். தங்கள் பண்பு அத்தகையது. உரிமையாளரிடம் முறையிடலாமென்று விசாரித்தால், அந்த மென்பொருளுக்கு உரிமையாளரே இல்லையாம். எவரும் எடுத்துப் பார்க்கவும் திருத்தவும் அதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். திருத்துகிறவர்களே ஒரு குழுவாகி, ஆண்டுக்கொரு முறை தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்துகொள்கிறார்கள். குழுவின் வேலைகளைப் பார்க்கும் பொற்கொடி என்னும் மேட்டுப்பாளையத்துப் பெண்மணி தொலைபேசியில், "ஏனுங்க ஐயா, தப்பா இருந்தா நீங்களே திருத்திப்போடலாமுங்க. யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க" என்றார். திருத்தினேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். முப்பத்தெட்டு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன், வீட்டிலும் தங்கள் தமக்கையின் பேச்சைத் திருத்திக்கொண்டே இருந்தேன். அவள் 'ஊடு' என்பாள்; 'வீடு' என்று சொல் என்பேன். "சரிங்க, வீடுங்க. மொதல்ல ஊட்டுக்குள்ள வாங்க, சோறு ஆறுது" என்பாள். அவள் போன பிறகு, அவள் பேசிய சொற்களை நினைவில் வந்த வரிசையிலேயே அந்தச் சொற்பட்டியலில் சேர்த்தேன். முந்நூற்று நாற்பது சொற்கள். இனி எந்தக் கணிப்பொறியும் அவற்றின் கீழ் சிவப்புக் கோடு இடாது. நான் இட்ட கோடுகளே போதும்.

இந்நிலையில், சரவணம்பட்டியில் பணிபுரியும் தமிழ்வேந்தன் என்னும் கெட்டிக்கார இளைஞர், வட்டாரச் சொற்களையெல்லாம் நீக்கி எழுத்துத் தமிழை மட்டுமே வைத்திருப்பேன் என்று அறிவித்துத் தலைமைக்கு நின்றார். நான் வாழ்நாளெல்லாம் வகுப்பில் சொன்னதையே அவர் சொன்னார். மறுத்துப் பேச நாவெழவில்லை. ஆகவே எதிர்த்து நின்றேன்.

வேட்பாளர் தம்மைப் பற்றி அறிமுகம் எழுத வேண்டும். தமிழ்வேந்தன் தம் பணிகளைப் பன்னிரண்டு வரிகளில் பறைசாற்றியிருந்தார். எனக்குக் கூசிற்று. நூல் தொடங்குமுன் அவையடக்கம் சொல்வதன்றோ நம் மரபு? 'கற்றோர் முன் நிற்கத் தகுதியற்ற கடையேன், ஏதும் அறியேன், அடியேன் பிழைகள் எண்ணில, சான்றோர் எடுத்துரைத்துத் திருத்தி ஆள்க' என்று எழுதினேன். அவர்களிடையே 'பிழை' என்பது மென்பொருளின் கோளாறு என்பதும், பிழை உண்டென்று ஒருவர் சொன்னால் அதற்கொரு பக்கம் திறந்து, எண்ணிட்டு, ஒவ்வொன்றாகத் தீர்ப்பது அவர்கள் வழக்கம் என்பதும் எனக்குத் தெரியாமற்போயின. மாலைக்குள் 'கோவிந்தராஜுலு: பிழைகள்' என்றொரு பக்கம் திறக்கப்பட்டு நாற்பத்தேழு பதிவாகியிருந்தன. பிழை ஒன்று: காணொளிக் கூட்டத்தில் நெற்றித் திருமண் மட்டுமே தெரிகிறது. பிழை ஒன்பது: வணக்கம் சொன்ன பிறகு விஷயத்துக்கு வர நான்கு பத்திகள் ஆகின்றன. பிழை இருபத்திரண்டை எவரோ 'தீர்க்க இயலாது' என்று குறித்து மூடிவிட்டார். அது என் வயது.

மறுநாள் பொற்கொடி அழைத்தார். தேர்தலை நடத்துகிறவரும் அவரே. "ஏனுங்க ஐயா, தகுதியில்லைன்னு நீங்களே எழுதிப்போட்டீங்க. அப்புறம் எதுக்குங்க நிக்கறீங்க? பேரை எடுத்துரலாமுங்களா?"

"அது அடக்கமுங்க, அம்மணி."

"ஐயையோ! அடக்கமுங்களா? எப்பங்க? யாருக்குங்க?"

எனக்குத்தான் என்று வாய்வரை வந்தது. பெயரை எடுக்க வேண்டாமென்று மட்டும் சொன்னேன்.

வாக்குப்பதிவன்று, தனக்குத் தானே வாக்களிப்பது நாகரிகமன்று எனக் கருதி, என் வாக்கைத் தமிழ்வேந்தனுக்கே அளித்தேன். அவரும் தமக்கே அளித்துக்கொண்டார். அவருக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினெட்டு. வரும் வெள்ளிக்கிழமை காலை தங்கள் தமக்கையின் சொற்கள் முந்நூற்று நாற்பதும் நீக்கப்படும். அகரவரிசையில் நீக்குவார்களாம். 'ஏனுங்க' போகுமுன்னே 'ஊடு' போய்விடும், பாருங்கள், இந்தத் துயரிலும் எனக்கு வரிசை தப்பவில்லை. ஆகவே மாப்பிள்ளை, இனி எந்த அவையிலும் நான் அடங்கப்போவதில்லை. கேட்டால் வேணுமுன்னு சொல்லுவேன், குடுத்தா வாங்கிக்குவேன், அடக்கமாவது ஒண்ணாவது. இந்தக் கணிப்பொறியும் எனக்கு வேண்டாமுங்க. பஸ்ஸுல போட்டு அனுப்பறேன், எறக்கி வெச்சுப்போட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க.

அரங்கன் தங்களைக் காக்க. தங்கள் மனையில் நெல்லும் சொல்லும் குறைவின்றி நிறைக. தங்கள் பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் நோயின்றி நீடு வாழ்க.

இங்ஙனம்,
கோவிந்தராஜுலு

பி.கு.: உறையை ஒட்டுமுன் பொற்கொடி அழைத்தார். தமிழ்வேந்தனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டதாம், பொறுப்பேற்க இயலாதாம். "அடுத்தது நீங்கதானுங்க ஐயா. தலைவரா இருக்கறீங்களா?" என்று கேட்டார். முதல் முறை கேட்டதும் சரியென்பது எப்படி? ஒரு வீட்டில் காபி தந்தால்கூட ஒரு தரம் மறுத்துத்தானே வாங்குவோம்? "எனக்கெதுக்குங்க அம்மணி, வேற நல்லவங்களாப் பாருங்க" என்றேன். மறுபடி கேட்பாரென்று காதை எடுக்காமல் இருந்தேன். "சரிங்க ஐயா, வேற ஆளு பாத்துக்கறோமுங்க" என்று வைத்துவிட்டார். ஆகவே கணிப்பொறியை அனுப்பவில்லை. இக்கடிதத்தை மட்டும் நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளியன்று சொற்கள் போகுமுன் தாங்கள் பொற்கொடியை அழைத்து, என்னை இன்னொரு முறை கேட்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், நாகரிகமன்று.