மணி கேட்காத மனைவி

என் மனைவியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு எந்நேரமும் கூடவே திரிகிறவனை ஒழித்துக் கட்டுவது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போது முடிவு செய்தேன்.

பதறாதீர்கள். ஆள் இல்லை, ஸ்மார்ட் வாட்ச். கறுப்புப் பட்டை, தீப்பெட்டி அளவு முகம், தொட்டால் பல்லை இளிக்கும். என் பெரிய மச்சான் வந்திருந்தபோது தங்கைக்கு ஆசையாகக் கட்டிவிட்டுப் போனது. மச்சான்கள் எனக்கு நல்லது செய்ததாகச் சரித்திரமே கிடையாது.

என் பிழைப்பைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று நோட்டில் எழுதி, விசில் ஊதுவது வேலை. கையில் சாவி கொடுக்கிற கடிகாரம். ஒரு காலத்தில் டிரைவர், கண்டக்டர், வாசலில் டீ விற்கிறவர் எல்லோரும் கூண்டுக்குள் தலையை நீட்டி என்னிடம்தான் மணி கேட்பார்கள். இப்போது எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள். புதிதாக வந்த கண்டக்டர்களில் பாதிப் பேர் வாட்சே கட்டுவதில்லை. ஏனப்பா என்று கேட்டால் கை அரிக்கிறதாம்.

மிச்சம் இருந்தது என் மனைவி ஒருத்திதான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கட்டிலை எந்தச் சுவர் ஓரம் போடுவது என்றுகூட என்னைக் கேட்டதில்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சமையலறையிலிருந்து "என்னங்க, மணி என்ன?" என்று குரல் வரும். "ஆறு நாற்பத்தி மூணு" என்பேன். மறுபேச்சு கிடையாது. நான் சொல்லி அவள் அப்படியே ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். ஹாலில் ஒரு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. பேட்டரி தீர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. நான் ஏன் மாற்றவில்லை என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

மச்சான் வந்து போனதோடு அந்தக் குரல் நின்றுவிட்டது. முதல் நாள் முழுக்கக் காத்திருந்தேன். மறுநாள் பொறுக்க முடியாமல், யாரும் கேட்காமலே, "மணி ஏழே கால்" என்று சமையலறை வாசலில் நின்று அறிவித்தேன். அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஏழு பதினாலு" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் என் மணியை அவள் திருத்தியது அன்றைக்குத்தான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதோடு போயிற்றா? வாட்ச் எள் என்றால் இவள் எண்ணெயாக நின்றாள். ஒரு சிலுப்பு சிலுப்பும், எழுந்து நிற்பாள். இன்னொரு சிலுப்பு, ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பாள். மூச்சு விடு என்று அது சொன்னது, விட்டாள். தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று நான் எத்தனை வருஷமாகக் கரடியாய்க் கத்தியிருக்கிறேன்! ஒரு நாள் காலை காபியை வைத்துவிட்டு, நேற்று ஆறு மணி நேரம் நாற்பது நிமிஷம் தூங்கினேனாம் என்று பெருமையாகச் சொன்னாள். பக்கத்தில் படுத்திருந்த என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா என்றேன். "நீங்க எங்க முழிச்சிருந்தீங்க?" என்றாள். எனக்குப் பொறாமை. வேறு அழகான பேர் எதுவும் அதற்கு இல்லை. ஒரு ரப்பர் பட்டையைப் பார்த்து, நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை பொறாமைப்பட்டேன்.

டிப்போவில் வயதான கண்டக்டர் ஒருவர் எனக்கு நெருக்கம். அவரிடம் மனதைக் கொட்டினேன். அவர் எச்சிலைத் தொட்டு டிக்கெட் எண்ணிக்கொண்டே, "அதோட உசுரு சார்ஜர்ல இருக்கு" என்றார். அன்றைக்கே சார்ஜரை எடுத்து, பீரோவின் அடித்தட்டில் கிடந்த என் பழைய யூனிஃபார்ம் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிவிட்டேன். அவள் வீடெல்லாம் தேடினாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துகூடப் போனேன். மூன்றாம் நாள் வாட்ச் கண்ணை மூடியது.

அன்று சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, மணி என்ன?"

இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டேன். "அஞ்சு ஐம்பத்தி ரெண்டு. இன்னும் கொஞ்ச நேரத்துல ஐம்பத்தி மூணு" என்றேன். சட்டையில் முக்கோணமாக ஓட்டை விழுந்திருந்தது. போனால் போகிறது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க சொன்னா ஒரு தெளிவு இருக்குங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு என்னை எழுப்பிவிடுறீங்களா?"

எழுப்பினேன். அதற்கு நான் நாலே முக்காலுக்கே விழிக்க வேண்டியிருந்தது. மறுநாள், ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டால் ஞாபகப்படுத்தச் சொன்னாள். அப்புறம் நான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் மணிக்கொரு தம்ளர் தண்ணீர். ஞாபகப்படுத்தினால் போதாது, கொண்டுவந்தும் கொடுக்க வேண்டும். அப்புறம் போன் மணி அடித்தால் ஓடிப்போய் எடுத்து, பேரைப் படித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பெரிய மச்சான்தான் கூப்பிடுவார்.

நடைதான் உச்சம். தினம் எட்டாயிரம் அடி. எண்ணுவதற்கு ஆள் வேண்டாமா? அவள் முன்னால் கையை வீசி நடக்க, நான் பின்னால் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டே தெருத் தெருவாகப் போனேன். எங்கள் மாடி வீட்டு டியூஷன் டீச்சர் பால்கனியில் நின்று தினம் பார்ப்பார். மூன்றாம் நாள் அவர், "சார், எங்க வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் கூட என்னோட வந்ததில்ல" என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். நான் பதில் சொன்னேன். அதோடு மூவாயிரத்துச் சொச்சம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முதலிலிருந்து நடந்தோம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நடந்து வந்ததும் நாடித் துடிப்பு பார்க்கச் சொல்வாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். அது எனக்குப் பிடித்திருந்தது. எழுபத்தெட்டு என்று சொல்லிவிட்டு, சரியாகத் தெரியவில்லை என்று இன்னொரு நிமிஷம் பிடித்துக்கொள்வேன்.

ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. ஒன்பதாம் நாள் கூண்டில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். எட்டு பத்துக்குக் கிளம்ப வேண்டிய பஸ் எட்டு இருபத்தொன்று வரை என் விசிலுக்காக நின்றது. பஸ் நிறைய ஆட்கள் இறங்கி வந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்திருக்கிறார்கள். மேனேஜர் கூப்பிட்டு, டைம் கீப்பருக்கே நேரம் சரியில்லையா என்று கேட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. வாட்ச்சாவது, பொறாமையாவது! மணி கேட்காவிட்டால் போகட்டும், மனிதனாகத் தூங்கினால் போதும் என்று வீட்டுக்கு வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நைசாகப் பீரோவைத் திறந்து, பொத்தானைக் கழற்றி, சார்ஜரை எடுத்து சோபாவுக்கு அடியில் தள்ளினேன். பிறகு குனிந்து, தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

"அட, இங்க பாரும்மா. சார்ஜர் இங்கயே கிடக்குது."

அவள் தலையைத் தூக்கவில்லை.

"உங்க பழைய சட்டைப் பையில இருந்ததா?"

குனிந்தவன் நிமிரவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒளிச்சு வச்ச மறுநாளே தெரியும். பீரோ துடைச்சேன்."

"தெரிஞ்சா ஏன் எடுத்துக்கல?"

"நீங்க அவ்வளவு ஆசையா மணி சொல்றீங்க. எனக்கு மனசு வரலைங்க."

இப்படி ஒரு மனசுக்காரியிடமா சார்ஜரை ஒளித்து வைத்தேன் என்று நெஞ்சு உருகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, நான் செய்தது தப்புதான், நீ பழையபடி வாட்ச்சையே கட்டிக்கொள், எனக்கு வருத்தமே இல்லை என்று குழைந்தேன்.

"அதை மாடி வீட்டு டீச்சருக்குக் கொடுத்துட்டேனே. அவங்க நம்மளைப் பாத்துப் பாத்து பொறாமையில பொசுங்கிட்டு இருந்தாங்க. சார்ஜரையும் நீங்களே போய்க் கொடுத்துட்டு வந்துடுங்க."

"அவ்வளவு நல்ல வாட்ச்சைப் போய் யாராவது கொடுப்பாங்களா?"

அவள் மடித்த துணியை என் மடியில் அடுக்கினாள், பீரோவில் வைக்கச் சொல்லி.

"நல்ல வாட்ச்தாங்க. ஆனா அதுக்கு ரெண்டு நாளைக்கு ஒருதரம் சார்ஜ் போடணும். உங்ககிட்ட காலையில ஒரு தடவை மணி கேட்டுட்டா, நாள் பூரா ஓடுறீங்க."