எச் வரிசை, பத்தொன்பதாம் கட்டம்

மரியாதைக்குரிய டொமித்தீலா மதினிக்கு, அரிஸோனாவிலிருந்து கொழுந்தன் சிப்ரியானோ சொல்லச் சொல்ல எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை. எல்லோரும் என்று சொல்ல நான் ஒருத்தன்தான் மிச்சம், எனக்கும் முழங்கால் சரியில்லை. கலிஃபோர்னியாவில் நீங்களும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். எழுத்து பக்கத்து வீட்டு இமெல்டாவுடையது, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்த்தை என்னுடையது.

நம் ஊரில் முதல் சிவப்பு பச்சை விளக்கு வைத்தார்களே, வண்டியே வராத தெருவில் நம் ஆட்கள் அதன் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்களே, நெவாடாவில் குண்டு வெடித்துப் பார்க்கிறார்கள், லெட்டூஸ் கீரையை இரண்டு தடவை அலசுங்கள் என்று பாதிரியார் பூசையில் சொன்னாரே, அந்த வருஷம் ஜூலை மாதம். அந்த மாதம்தான் அன்செல்மோ அண்ணன் பருத்திக்காட்டில் கொடிக்காரனாகப் போனான். உங்களுக்குத் தெரியாததா. விமானம் மருந்து தெளித்துக்கொண்டு வரும், எந்தச் சாலில் வர வேண்டும் என்று காட்டக் காட்டின் கோடியில் ஒருத்தன் கொடி பிடித்து நிற்க வேண்டும். பறிக்கிறவனைவிடக் கூலி கூட. அன்றைக்குக் காற்று திரும்பியது. காலையில் மருந்தில் நனைந்தவன் சாயங்காலம் இல்லை. ஜூலை வெயிலில் உடம்பை வைத்திருக்க முடியாது, மறுநாள் பத்து மணிக்கு, நம் கூலிக்குடிசைக்குப் பின்னால் பெயரில்லாத சிலுவைகள் பத்து நின்ற இடத்தில் பதினொன்றாவதாக வைத்தோம். நான் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். வாய்க்கால் மதகிலிருந்து மேற்கே அறுபது தப்படி, வெள்ளை மலையின் பள்ளத்துக்கு நேர். முதல் பிடி மண் நான் போட்டேன். இமெல்டா, இதை அழுத்தி எழுது.

அடுத்த வசந்தத்தில் முதலாளி சிலுவைகளையும் சேர்த்து உழுதார். பருத்தி போய் லெட்டூஸ் வந்தது, லெட்டூஸ் போய் முலாம்பழம். அப்புறம் முதலாளியின் பேரன் நிலத்தை விற்றான். ஒன்பது வருஷம் வெறும் பலகை நின்றது, விரைவில் வருகிறது என்று. வந்தது என்ன என்கிறீர்கள், பந்தாட்ட மைதானம். கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி ஒன்று, அறுபதாயிரம் பேர் உட்காரலாம். பக்கத்தில் பாட்டுக் கொட்டகை, அதற்குப் பக்கத்தில் கறிக்கடைகள். ஒரு கூத்து கேளுங்கள் மதினி. உள்ளே கூரை, அதனால் புல்லுக்கு வெயில் கிடையாதாம். மொத்தப் புல்தரையையும் ஒரு தட்டில் வைத்து, சக்கரம் போட்டு, வெளியே இழுத்து வந்து வெயில் காட்டுகிறார்கள். நாம் பருத்தி பறிக்கும்போது எவனாவது நம்மை நிழலுக்கு இழுத்துப் போனானா.

நம் இடம் வண்டி நிறுத்துகிற தார்த்தரைக்கு அடியில் போயிற்று. மதகின் சிமெண்ட் மட்டும் மிச்சம், அதில் குப்பைத்தொட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மலையை யாரும் வாங்கவில்லை, பள்ளம் அப்படியே இருக்கிறது. தப்படி வைத்து அளந்து பார்த்தேன். எச் வரிசை, பத்தொன்பதாம் கட்டம்.

முதல் ஆட்டத்தன்று போய்ப் பார்த்தால் அண்ணன் மேல் ஒரு லாரி நிற்கிறது, சொட்டுச் சொட்டாக எண்ணெய். அன்றிலிருந்து பதினாலு வருஷமாக, ஊரில் ஆட்டம் நடக்கிற ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டத்துக்கு நான் சீட்டு வாங்குகிறேன். எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். காவலுக்கு நிற்கிற ட்ரேஸி என்ற பெண்மணி முதல் நாளே வந்தாள்.

"பெரியவரே, வண்டி எங்க?"

"வண்டி இல்லம்மா. இடம் மட்டும் போதும்."

"சீட்டு வண்டிக்குத்தான். வண்டி இல்லாம ஆள் மட்டும் நிக்கக் கூடாது."

"சக்கரம் இருந்தாப் போதுமா?"

அவள் கையிலிருந்த விதித் தாளைப் புரட்டினாள். எத்தனை சக்கரம் என்று அதில் போடவில்லை. அடுத்த தடவை என் ஒற்றைச் சக்கர மண் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு மைல் நடந்தேன். ட்ரேஸி சிரிக்காமல் சீட்டைக் கிழித்து, "கோட்டுக்கு உள்ள நிறுத்துங்க" என்றாள். இருபதாம் கட்டத்தில் எப்போதும் ரேண்டி என்று ஒருத்தன், ஆள் தானியக் களஞ்சியம் மாதிரி, லாரியின் பின்கதவைத் திறந்து அடுப்பு மூட்டிக் கறி சுடுவான்.

"என்ன பெருசு, இன்னிக்கு வண்டி எத்தனை மைல் குடுத்துச்சு?" என்று தினம் இதே கேலி. ஆனால் முதல் துண்டு எனக்குத்தான் தருவான்.

ஒரு வருஷம் நவம்பர் இரண்டாம் தேதியே ஆட்டம். இறந்தவர்களுக்குப் படைக்கிற நாளை நான் விட முடியுமா. சாமந்தி, மெழுகுவத்தி, ரொட்டி, மிளகாய்ப்பொடி தூவிய முலாம்பழம் என்று அண்ணனுக்குப் பிடித்ததையெல்லாம் தரையில் வைத்தேன். ரேண்டி எட்டிப் பார்த்து, "யாருக்கு இது?" என்றான்.

"எங்க அண்ணனுக்கு. இங்கதான் கிடக்கான்."

சுடுகிற முள்கரண்டியைக் கீழே வைத்தான். "இத்தன வருஷமா பக்கத்துல நின்னு குடிச்சிருக்கேன், ஒரு வார்த்த சொல்லலியே பெருசு" என்று தன் பியரில் ஒன்றைத் திறந்து சாமந்திக்குப் பக்கத்தில் வைத்தான். அப்போது ஆட்டம் துவங்க, உள்ளே மைதானம் அகலத்துக்குக் கொடியை விரித்திருப்பார்கள் போல, மேலே மரியாதைக்கு நாலு பட்டாள விமானம் தாழப் பறந்து போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். நான் என்னையறியாமல் தள்ளுவண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்தேன். ரேண்டிதான் தூக்கி உட்கார வைத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷ ஆட்டங்கள் முடிந்ததும் அந்தத் தார்த்தரையை உடைத்துக் கடல் வெட்டப் போகிறார்கள். பாலைவனத்தில், அலையோடு, கரையில் மணலோடு. நம் ஊரில் இல்லாத மணலா, லாரியில் வேறு ஊரிலிருந்து வருகிறதாம். இருபதடி ஆழம் தோண்டுவார்கள். நகராட்சி அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன். அங்கே ஒரு அம்மாள், நல்லவள்தான். "ஐயா, காகிதத்துல அங்க கல்லறையே கிடையாது. புதைச்சதைக் கண்ணால பாத்த ரெண்டு பேர் வந்து சத்தியம் பண்ணுங்க. நீங்க காட்டுற இடத்துல முதல்ல கையால தோண்டி எடுத்து, கோயில் கல்லறைக்கு மாத்தித் தர்றோம். பிப்ரவரி பத்துக்குள்ள வரணும்" என்றாள். ஒரு ஆள் நான். இன்னொரு ஆள் நீங்கள்.

உங்களிடம் கேட்க எனக்கு முகமில்லை. அண்ணன் போன பதினொரு மாதத்தில் பழலாரிக்காரரைக் கட்டிக்கொண்டீர்கள் என்று கல்யாணப் பந்தியில், எல்லோர் முன்னாலும், "அவன் மேல மண்ணு கூட இன்னும் காயல" என்று சொன்னவன் நான். அறுபத்தெட்டு வருஷம் ஆயிற்று. அவர் நல்ல மனிதர் என்று கேள்விப்பட்டேன், ஆண்டவர் அவருக்கு இளைப்பாறுதல் தரட்டும். பஸ்ஸுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன், ரேண்டி லாரியில் கூட்டிவருகிறேன் என்கிறான். உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசி. குவாதலூப்பே மாதா உங்கள் முழங்கால்களையாவது நன்றாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு, கையெழுத்துக்குப் பதில் கீழே பெருக்கல் குறி போட்டிருக்கும்
சிப்ரியானோ

பின்குறிப்பு: இமெல்டா கடிதத்தைத் திரும்பப் படித்துக் காட்டினாள். முதல் பிடி மண் நான் போட்டேன் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அடித்துவிடவா என்றாள். வேண்டாம், கிடக்கட்டும், கீழே இதை எழுது என்றேன். மதினி, நான் அன்றைக்கு அங்கே இல்லை. உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்கு முதலாளி காட்டுக்கு முறைத் தண்ணீர், பாய்ச்சுகிறவன் நான். "அடைச்சுட்டு வாடா" என்று அப்பா கூப்பிட்டார். முறை போய்விடும், மேஸ்திரி நம்மைக் குடிசையை விட்டுத் துரத்துவான் என்றேன். இரண்டு பலகையை இறக்கினால் மடை அடைபட்டிருக்கும். அண்ணன் முகம் வீங்கிக் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் தண்ணீரோடு நின்றேன். அப்புறமும் அந்தப் பக்கம் போகவில்லை, உழுகிற வரைக்கும். மதகுக்கு மேற்கே என்று மட்டும் அப்பா ஒரு தடவை சொன்னார். அறுபது தப்படி என்பது நானாகப் போட்டுக்கொண்டது. பதினாலு வருஷம் நான் யார் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கல்யாணப் பந்தியில், அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று ஒரு வார்த்தை நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை. இரண்டாவது ஆளாக வாருங்கள் என்று மேலே எழுதியது பொய். பெட்டி தூக்கிய அப்பா இல்லை, குழி வெட்டிய நிக்கனோர் மாமா இல்லை, அவர் தம்பி சூச்சோ இல்லை, செபம் சொன்ன என் அம்மா இல்லை. அவனை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது ஒரே ஒரு ஆள், டொமித்தீலா.